செங்கல் தூளும் சலவைக்கல் தூணும்: சார்லமேன் காலக் கட்டடங்களைத் தேடி ஆறு நாள்

நாள் 1: டிரியர்

கி.பி. 800ஐ ஒட்டி மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பேரரசர் சார்லமேன். அவர் காலத்துக் கட்டடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் நேராக அவருடைய அரண்மனை ஊரான ஆஹனில் போய் இறங்குவார்கள். ஒரு நாள் முன்னதாகப் பழைய ரோம நகரமான டிரியரில் நிறுத்துவது நல்லது. கி.பி. 800ஐ ஒட்டி ஜெர்மனியில் கட்டியவர்கள் எதைப் பார்த்துக் கட்டினார்கள் என்பது இங்கேதான் முழு உயரத்தில் நிற்கிறது.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் மண்டபத்தை 310 வாக்கில் கட்டத் தொடங்கினார்கள். நீளம் 67 மீட்டர், அகலம் 26 மீட்டருக்குச் சற்று மேல், உயரம் 33 மீட்டர். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. உள்ளே நுழைந்ததும் மேலே பார்க்க வேண்டாம், சுவருக்குப் பக்கத்தில் போய்ச் செங்கல்லைப் பாருங்கள். கனம் ஏறத்தாழ நாலு சென்டிமீட்டர்தான். இரண்டு வரிசைக்கு நடுவே இருக்கும் காரையும் கிட்டத்தட்ட அதே கனம். நம் கொத்தனார் இவ்வளவு தடிமனான மூட்டைப் பார்த்தால் திட்டுவார். ரோமக் கொத்தனுக்கு அது தவறில்லை. தட்டையான செங்கல் சீக்கிரம் காயும், சூளையில் சீராக வேகும். தடித்த சுண்ணாம்புக் காரை மெல்ல இறுகுவதால் சுவர் சிறிது அமர்ந்தாலும் வெடிக்காமல் ஈடுகொடுக்கும். இந்தத் தடித்த காரை மூட்டு மனத்தில் இருக்கட்டும். ஆறாம் நாள் திரும்ப வரும்.

இன்று தெரியும் செங்கல் சுவர் அன்று வெளியே தெரிந்ததில்லை. புறத்தே காரை பூசியிருந்தார்கள்; சன்னல் ஓரங்களில் அந்தப் பூச்சின் எச்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது. உள்ளே சலவைக்கல் பலகை பதித்திருந்தது. தரைக்கு அடியில் சூடான காற்று ஓடியது. அரைவட்ட மாடத்தின் சன்னல்கள் கூடத்துச் சன்னல்களைவிடச் சிறியவை, சற்றுத் தாழ்வானவை. அதனால் மாடம் உள்ளதைவிடத் தள்ளியும் பெரிதாகவும் தெரியும். வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிறகு மாடத்துக்கு அருகே போய்ப் பாருங்கள்; ஏமாற்று பிடிபட்டுவிடும்.

1944 குண்டுவீச்சில் கூரை எரிந்துபோனது. இப்போதிருப்பது போருக்குப் பின் போட்டது. இன்று இது ஒரு புராட்டஸ்டன்ட் தேவாலயம், அதனால் வழிபாட்டு நேரம் தவிர்த்துப் போக வேண்டும். டிரியரிலிருந்து ஆஹனுக்கு நேர் ரயில் எதிர்பார்க்காதீர்கள். கொலோனில் மாறிப் போகலாம், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நாள் 2: ஆஹன், எண்கோணம்

சார்லமேனின் அரண்மனைக் கோயிலின் கட்டடக்காரர் மெட்ஸ் நகரத்து ஓடோ. கடைக்காலில் கிடைத்த ஓக் மரத்தின் வளையங்களை எண்ணியதில் 798ஐ ஒட்டிய ஆண்டு வந்தது. வேலை அதற்குப் பிறகு வேகமாக நடந்திருக்கிறது. 814 ஜனவரி 28ஆம் தேதி இறந்த சார்லமேனை அன்றே இங்கு புதைத்தார்கள்.

எல்லோரும் சொல்வது: இது இத்தாலியின் ரவென்னா நகரத்துச் சான் விதாலே கோயிலின் நகல். 547இல் திருநிலைப்படுத்தப்பட்ட கோயில் அது. இரண்டும் நடுவில் எண்கோணம், சுற்றிப் பிரகாரம், மேலே மாடி. ஒற்றுமை அத்தோடு சரி. ஆஹன் கொத்தர்கள் எங்கெங்கே விலகினார்கள் என்று பார்ப்பதில்தான் சுவை.

முதல் விலகல் வெளிச்சுவர். ரவென்னாவில் வெளிச்சுவரும் எண்கோணம். உள் எண்கோணத்துக்கும் வெளி எண்கோணத்துக்கும் நடுவே கிடைக்கும் பிரகாரத் துண்டுகள் ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் விரிந்திருக்கும். அப்படிப்பட்ட துண்டுக்கு வளைவுக் கூரை போடுவது தலைவலி, ஏனென்றால் எதிரெதிர் வளைவுகளின் அகலம் ஒன்றாக இருக்காது. அகலம் மாறினால் அரைவட்டத்தின் உயரமும் மாறும். ஆஹனில் வெளிச்சுவரைப் பதினாறு பட்டையாக்கினார்கள். எண்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நேர் எதிரே ஒரு சதுரம். அடுத்தடுத்த இரு சதுரங்களுக்கு இடையே ஒரு முக்கோணம். எட்டுச் சதுரம், எட்டு முக்கோணம், வெளியே பதினாறு பக்கம். சதுரத்துக்குக் குறுக்கு வளைவுக் கூரை, முக்கோணத்துக்கு மூன்று பக்கக் கூரை. தச்சனுக்கு இரண்டே வகை வளைவுச் சட்டம் போதும். ஒரு துண்டை முடித்ததும் அதே சட்டத்தைக் கழற்றி அடுத்த துண்டுக்குக் கொண்டுபோகலாம். தரைத்தளப் பிரகாரத்தை ஒரு முறை சுற்றி வந்து கூரையை மட்டும் பாருங்கள். சதுரம், முக்கோணம், சதுரம், முக்கோணம் என்று தாளம் போலப் போகும்.

இரண்டாவது விலகல் குவிமாடம். ரவென்னாவில் அது ஒன்றுக்குள் ஒன்று செருகிய சுடுமண் குழாய்களால் ஆனது. எடை குறைவு, உந்துவிசையும் குறைவு. ஆஹனில் அந்த வித்தை தெரிந்த ஆள் இல்லை. கல்லால் எட்டு மடிப்பாகக் கட்டினார்கள். குறுக்களவு ஏறத்தாழ 14.5 மீட்டர், உச்சி தரையிலிருந்து ஏறத்தாழ 31 மீட்டர். இவ்வளவு கல்லை வளைத்து மேலே வைத்தால் அடிவிளிம்பு வெளிப்பக்கம் தள்ளும். தள்ளினால் முதலில் விரிசல் மடிப்புகளின் நடுவே செங்குத்தாக வரும், பிறகு சுவர் சாயும். அதற்கு இரண்டு காப்பு செய்திருக்கிறார்கள். சுவருக்குள் புதைத்த வளையக் கட்டு ஒன்று. இன்னொன்று மாடிப் பிரகாரத்தின் கூரை. அது கிடைமட்டமாக இல்லை. வெளியிலிருந்து உள்நோக்கி ஏறும் சாய்ந்த பீப்பாய்க் கூரை. எட்டுத் திசையிலிருந்தும் எட்டுத் தோள்கள் குவிமாடத்தின் இடுப்பை முட்டுக்கொடுக்கின்றன. பிற்காலக் கோதிக் தேவாலயங்களில் வெளியே பறக்கும் முட்டுவளைவுகள் செய்யும் வேலையை இங்கே கூரையே மறைவாகச் செய்கிறது.

மரத்தை வளையக் கட்டாகச் சுவருக்குள் வைப்பதில் ஒரு வினை உண்டு. சுண்ணாம்புக் காரை முழுதாக இறுகும்வரை மரம் இழுத்துப் பிடிக்கும். பல ஆண்டு கழித்து ஈரம் ஏறி மரம் உளுத்தால் அந்த இடத்தில் சுவருக்குள் குழல் போல ஒரு வெற்றிடம் தங்கிவிடும். அதற்குள் காரை நன்றாக இறுகியிருந்தால் தப்பித்தது. அவசரப்பட்டுச் சுவரை எழுப்பியிருந்தால் தப்பாது. ஈரக் காரை மேல்பாரத்தில் பிதுங்கும், மூட்டு சீரற்று அமரும், வளைவு நிறம் மாறாமலே வடிவம் மாறிவிடும். தடித்த சுவரின் நடுப்பகுதி காய ஆண்டுக்கணக்கில் ஆகும்.

இப்போது தூண்களுக்கு வருவோம். மாடியின் எட்டுப் பெரிய வளைவுகளுக்குள்ளும் இரண்டு அடுக்காகத் தூண்கள் நிற்கின்றன. கீழடுக்கில் இரண்டு தூண், அவற்றின் மேல் மூன்று சிறு வளைவு. அதற்கு மேலே இன்னும் இரண்டு தூண். எட்டு வளைவுக்குமாக 32. இவற்றில் பழையவை ரோமிலிருந்தும் ரவென்னாவிலிருந்தும் வந்தவை. சார்லமேனின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்டே இதைச் சொல்கிறார், வேறெங்கும் கிடைக்கவில்லை என்ற காரணத்தோடு. ரவென்னா அரண்மனையின் சலவைக்கற்களை எடுத்துக்கொள்ளப் போப் முதலாம் ஹேட்ரியன் சம்மதம் தந்த கடிதமும் இருக்கிறது.

மேலடுக்குத் தூண்களின் தலைப்பகுதியான போதிகை பெரிய வளைவின் அடிப்பக்கத்தில் போய் மொட்டையாக முட்டுகிறது. ரோமக் கட்டடக்கலை தெரிந்தவருக்கு இது கண்ணை உறுத்தும். தூண் என்றால் அதன் தலையில் உத்திரமோ வளைவோ அமர வேண்டும். இங்கே பாரம் எதுவும் இறங்கவில்லை. தூண்கள் அலங்காரம் மட்டுமே என்பதற்குச் சான்று வரலாற்றிலேயே இருக்கிறது. 1794இல் நகரைப் பிடித்த பிரெஞ்சுப் படை தூண்களைப் பிடுங்கிப் பாரிசுக்குக் கொண்டுபோனது. 1815க்குப் பின் ஒரு பகுதி திரும்பி வந்தது. மறுபடி நட்டது 1840களில்தான். சில இன்னும் லூவ்ரில் இருக்கின்றன. நடுவில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த வளைவுகள் வெறுமையாக நின்றன. ஒன்றும் விழவில்லை.

ஒரு எச்சரிக்கை. உள்ளே மின்னும் எல்லாவற்றையும் பார்த்து ஒன்பதாம் நூற்றாண்டு என்று வாய்பிளக்க வேண்டாம். குவிமாடத்துக் கண்ணாடிப் பதிவு (மொசைக்) 1880களில் வெனிஸ் பட்டறை ஒன்று செய்தது. பிரகாரத்தின் சலவைக்கல் பலகைகளும் பதிவுகளும் 1900க்குப் பிறகு வந்தவை. வெளிக்கூரையின் மடிப்பு வடிவம் 1656 தீ விபத்துக்குப் பின் வந்தது. கிழக்கே கண்ணாடிக் கூண்டு போல நிற்பது 1414இல் முடிந்த கோதிக் பகுதி. பழையது எது என்றால் சுவர், வளைவு, மாடிக் கம்பி, கதவு. வெளியே கருஞ்சாம்பல் கல்லாகத் தெரியும் சுவர்கூட அன்று அப்படி இல்லை. செங்கல் தூள் கலந்த காரையைப் பூசிச் செந்நிறமாக வைத்திருந்தார்கள். நம் பழைய கொத்தனார்கள் சுர்க்கி என்று சொல்வார்களே, அதேதான். சுட்ட களிமண் தூள் சுண்ணாம்போடு சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். இத்தாலிய எரிமலை மண் கிடைக்காத இடங்களில் ரோமர்கள் செய்த மாற்று ஏற்பாடு இது. ரோமக் கான்கிரீட் இங்கே மறந்துபோயிருந்தது, ஆனால் சுர்க்கி மறக்கவில்லை.

நாள் 3: ஆஹன், வெண்கலமும் தெருவும்

மாடிக்கும் சிம்மாசனத்துக்கும் வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். சீட்டு கோயிலுக்கு எதிரேயுள்ள தகவல் மையத்தில். காலையிலேயே வாங்கிவிடுங்கள், பிற்பகல் சுற்றுகள் நிரம்பிவிடும்.

மாடியில் முதலில் கவனிக்க வேண்டியது கம்பித் தடுப்புகள். எட்டு; எல்லாமே வெண்கலம்; ஒவ்வொன்றும் ஒரே வார்ப்பு. சில தடுப்புகளில் ரோம அரைத்தூண்களும் இலை வேலையும். சிலவற்றில் வெறும் குறுக்குப் பின்னல். ஒரே பட்டறை, இரண்டு மனது. வார்ப்பு நடந்தது ஆஹனிலேயே. கோயிலுக்கும் நகர மன்றத்துக்கும் இடையிலுள்ள சதுக்கத்தில் வார்ப்பு அச்சின் உடைந்த துண்டு கிடைத்திருக்கிறது. மேற்கு வாசல் கதவுகள் ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல். இவ்வளவு பெரிய தகட்டை ஒரே ஊற்றலில் வார்க்க, அச்சு முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு ஈரம் இருந்தால் நீராவி குமிழ் விட்டு மேற்பரப்பில் குழி விழும். உலோகம் ஒரு மூலையில் முந்திக் குளிர்ந்துவிட்டால் மறுமூலையிலிருந்து வருவது அதோடு ஒட்டாமல் கோடாக நிற்கும். கதவின் சட்டங்களைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். தட்டையான பரப்புகளின் சீர்மை வியப்பூட்டும்.

சிம்மாசனம் எளிமையானது. பழைய சலவைக்கல் பலகைகள் நான்கைந்தை வெண்கலக் கட்டுகளால் பிணைத்திருக்கிறார்கள். ஒரு பலகையின் பக்கவாட்டில் யாரோ விளையாடக் கீறிய கட்டம் இருக்கிறது. அரசன் உட்காரும் கல் அதற்கு முன் எங்கோ ஒரு வாசல்படியிலோ தரையிலோ கிடந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பிற்பகலில் நகர வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். ரோமர்களின் வெந்நீர்க் குளியல் ஊராக இருந்தபோது போட்ட தெருக்கள் வடகிழக்கு, தென்மேற்காகச் சாய்ந்து ஓடின. சார்லமேனின் ஆட்கள் கோயிலைச் சரியாகக் கிழக்கு மேற்காக வைத்தார்கள். இரண்டு கட்ட அமைப்புகளும் மோதியதால் சந்தைச் சதுக்கம் முக்கோணமாகிவிட்டது. இன்றும் அங்கே வீடுகள் கோணலாக நிற்கக் காரணம் அந்த மோதல்தான்.

நகர மன்றம் நிற்பது அரசவைக் கூடத்தின் கடைக்கால் மேல். கூடம் ஏறத்தாழ 47 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். முதல் நாள் பார்த்த டிரியர் மண்டபத்தின் தம்பி. கிழக்கு மூலையில் உள்ள கிரானுஸ் கோபுரத்தின் கீழ்ப்பகுதி அந்தக் காலத்துச் சுவர்.

நாள் 4: இங்கல்ஹைம்

சார்லமேனின் இன்னொரு அரண்மனை இருந்த ஊர். மைன்ஸிலிருந்து ரயிலில் சிறு தூரம். உயரமாக நிற்பது குறைவு, எனவே அரை நாள் போதும். அரைவட்ட வடிவில் 89 மீட்டர் குறுக்களவில் ஒரு கட்டடம், உள்பக்கம் தூண் வரிசை, வெளிப்பக்கம் ஆறு வட்டக் கோபுரங்கள். அரைவட்டத்தை அரண்மனைக்குப் பயன்படுத்துவது ரோம மாளிகைகளின் பழக்கம். அக்காலக் கவிஞர் எர்மோல்டுஸ் நூறு தூண் என்று பாடியிருக்கிறார். கவிஞர்களின் எண்ணிக்கையை நம்பிக் கடைக்கால் தோண்டக்கூடாது.

இங்கே பார்க்க வேண்டியது தண்ணீர். ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊற்றிலிருந்து நிலத்தடிக் கால்வாய் கட்டிக் கொண்டுவந்தார்கள். கல்லால் பக்கச் சுவர், மேலே வளைவு மூடி, உள்ளே சுர்க்கிக் காரைப் பூச்சு. இந்த வேலையில் கெடுவது எப்போதும் சாய்மானம்தான். சாய்வு கூடினால் தண்ணீர் பூச்சை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படியும். ஒரே இடத்தில் பின்சாய்வு வந்தால் அங்கே குளம். நீர்மட்டப் பலகை வைத்து அளந்து இத்தனை தூரம் பிழையில்லாமல் கொண்டுவரத் தெரிந்தவர்கள் 800ஐ ஒட்டி இருந்தார்கள் என்பதே பெரிய செய்தி. அரசவைக் கூடம் 40.5க்கு 16.5 மீட்டர், அதன் அரைவட்ட மாடத்தை அடியில் நின்று பார்க்கலாம். சார்லமேனின் தங்கக் காசு ஒன்று 1996இல் இவ்வூர் அகழ்வில் கிடைத்தது.

நாள் 5: லோர்ஷ்

பென்ஸ்ஹைமிலிருந்தோ வோர்ம்ஸிலிருந்தோ சிறு ரயில். இங்கிருந்த கிறிஸ்தவத் துறவியர் மடம் 764இல் தொடங்கியது. 774இல் கோயில் திருநிலைப்பாட்டுக்குச் சார்லமேனே வந்திருந்தார். முப்பதாண்டுப் போரில், 1621இல் மடம் எரிந்தது. தப்பியவற்றில் முக்கியமானது வாயில் மண்டபம். வாயில் என்று பேர்தான். எதற்காகக் கட்டினார்கள், எந்தப் பத்தாண்டில் கட்டினார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை.

மேற்குப் பக்கத்தில் நின்று கீழிருந்து மேலாகப் படியுங்கள். மூன்று வளைவு, நடுநடுவே அரைத்தூண், அவற்றுக்கு இலை செதுக்கிய போதிகை. ரோம வெற்றி வளைவின் ஒழுங்கு இது. ஆனால் போதிகைக்கு மேலே என்ன இருக்கிறது? ரோமன் அங்கே உத்திரம், அலங்காரப் பட்டை, நீட்டிய விளிம்பு என்று மூன்று அடுக்கு வைப்பான். லோர்ஷில் ஒரே ஒரு மெல்லிய இலைப்பட்டை. அதன் மேல் கோடு வெட்டிய சுவர்த்தூண்கள், சுருள் போதிகை, அவற்றை இணைக்க வளைவுக்குப் பதில் முக்கோணங்கள். கீழே ஒரு வளைவுக்கு மேலே மூன்று முக்கோணம் என்று கணக்கு. இலக்கணம் தெரியாத கை என்று இதைச் சொல்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. போதிகைகளின் செதுக்கலைப் பாருங்கள்: ரோம வேலையை அருகே வைத்துக்கொண்டு செதுக்கிய கூர்மை. சொற்கள் எல்லாம் சரியாகத் தெரிந்தவன் தன் வாக்கியத்தில் எழுதியிருக்கிறான்.

சுவரின் செம்மையும் வெண்மையுமான கட்டங்கள் வண்ணமல்ல, இரு நிற மணற்கல். சதுரமும் அறுகோணமுமாக வெட்டிப் பதித்தவை. வேலையின் கடினம் விளிம்பில்தான். அறுகோணத்தில் ஒரு முனை அரை விரல் தப்பினாலும் பிழை வரிசை வரிசையாகக் கூடிக்கொண்டே போய்ச் சன்னல் ஓரத்தில் தெரியும். அங்கே கல்லைச் சீவி ஒப்பேற்றியிருப்பார்கள். சன்னல் ஓரங்களையும் மூலைகளையும் தொலைநோக்கியால் பாருங்கள்.

மணற்கல்லுக்கு எதிரி சிமென்ட். மூட்டில் சிமென்ட் அடைத்தால் சுவரின் ஈரம் மூட்டு வழியே வெளியேறாமல் கல்லின் வழியே வரும். உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகும். முகம் தகடு தகடாக உரியும். எந்தப் பழைய கட்டடத்திலும் மூட்டு உயர்ந்து நின்று கல் உள்வாங்கியிருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

மாடிச் சுவரில் தீட்டிய தூண்களின் ஓவியம் மங்கலாக இருக்கிறது. அதுவும் ரோமப் பழக்கம்தான். செங்குத்தான கூரை பிற்காலத்தது. அதை மனத்தில் தாழ்த்திப் பாருங்கள், கட்டடத்தின் அளவே மாறிவிடும். நேரமிருந்தால் பக்கத்திலுள்ள லவுரஸ்ஹாம் திறந்தவெளிக் கூடத்துக்கும் போகலாம். அக்காலப் பண்ணை ஊரை அக்காலக் கருவிகளால் கட்டிப் பார்க்கிறார்கள்.

நாள் 6: ஸ்டைன்பாக், ஜெலிகன்ஸ்டாட்

மிகெல்ஸ்டாட் நிலையத்திலிருந்து ஸ்டைன்பாக் நடை தூரம். குளிர்காலத்தில் பூட்டியிருக்கலாம், கிளம்புமுன் திறக்கும் நேரத்தைப் பாருங்கள். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

815இல் இந்த நிலம் ஐன்ஹார்டுக்குக் கிடைத்தது. அவர் கட்டிய கோயிலின் பக்கக் கூடங்கள் இடிந்துவிட்டன, நடுக்கூடம் நிற்கிறது. கூடங்களைப் பிரித்த வளைவு வரிசையைப் பிற்காலத்தில் அடைத்துவிட்டார்கள். அதனால்தான் தூண்கள் வெளிச்சுவரில் புதைந்து தெரிகின்றன. நமக்கு அது வசதி: கல் சுவருக்கு நடுவே சதுரச் செங்கல் தூண்களை வெளியிலிருந்தே படிக்கலாம். தட்டைச் செங்கல், தடித்த காரை மூட்டு. டிரியர்!

ஏன் தூணுக்கு மட்டும் செங்கல்? தூணில்தான் பாரம் குவிகிறது. ஒழுங்கற்ற கல்லால் ஒல்லியான தூண் கட்டினால் ஒவ்வொரு கல்லும் ஒரு முனையில் தாங்கும். அந்த முனை நொறுங்கும். செங்கல் வரிசை சமதளமாக இருப்பதால் பாரம் பரவலாக இறங்கும். வெட்டிச் சீராக்கிய கல்லும் அதைச் செய்யும், ஆனால் அதற்குக் கல்தச்சர்கள் வேண்டும். செங்கல்லுக்குச் சூளை போதும்.

அந்தச் சூளைக்குப் போன ஆணை ஒன்று ஐன்ஹார்டின் கடிதங்களில் இருக்கிறது. இரண்டு அடிச் சதுரத்தில் நாலு விரல் கனமாக 60 செங்கல். அரை அடியும் நாலு விரலும் பக்கம், மூன்று விரல் கனமாக 200. ரோம அடியில் பதினாறு விரல். கணக்குப் போட்டால் பெரியது ஒன்று ஏறத்தாழ 45 கிலோ, சின்னது நாலே முக்கால். மொத்தம் நாலு டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கோயில் கட்டப் போதாது. ரோமர்கள் இப்படிப்பட்ட ஜோடி அளவைச் சூட்டுத் தரைக்குப் பயன்படுத்தினார்கள்: சின்னதை அடுக்கிக் கால், பெரியதை மேலே பரப்பித் தளம். ஐன்ஹார்டுக்கு என்ன வேலை என்று கடிதத்தில் இல்லை. செய்பவனுக்கு இரண்டடிச் செங்கல் சோதனைதான். மேல்முகம் காய்ந்து சுருங்கும்போது நடு இன்னும் ஈரமாக இருந்தால் வெடிக்கும். ஒரு பக்கம் மட்டும் காற்றுப் பட்டால் வளையும். உள்ளீரத்தோடு சூளையில் ஏற்றித் தீயைக் கூட்டினால் சிதறும். நிழலில் வாரக்கணக்கில் புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும்.

இன்னொரு கடிதத்தில் வுசின் என்ற இளைஞரிடம், ரோமக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் எழுதிய கட்டடக்கலை நூலின் புரியாத சொற்களுக்கு விளக்கம் தேடச் சொல்கிறார். பழைய பாணியில் தந்தத் தூண்கள் வைத்துச் செய்த சிறு பேழை ஒன்றைப் பார்த்தால் பலவும் விளங்கும் என்கிறார். நமக்குக் கிடைத்துள்ள விட்ருவியஸ் பிரதிகளில் மிகப் பழையவை இவர்கள் காலத்தவை. புத்தகத்தில் சொல், கையில் பேழை, சூளையில் செங்கல்: ரோம் இவர்களுக்கு வந்து சேர்ந்தது இந்த மூன்று வழியில்தான்.

நிலவறைக்கு இறங்கிவிட்டுக் கிளம்புங்கள். சிலுவை வடிவில் பீப்பாய்க் கூரை போட்ட குறுகிய வழிகள். ரோமின் நிலத்தடிக் கல்லறைகளின் வாசம். 827இல் ரோமிலிருந்து புனிதர்கள் மார்செல்லினுஸ், பீட்டர் இருவரின் எலும்புகளை ஆள்விட்டு எடுத்து வந்தார்கள். அடுத்த ஜனவரியிலேயே மைன் ஆற்றங்கரைக்கு மாற்றினார்கள். புனிதர்களுக்கு இந்த இடம் பிடிக்கவில்லை என்று ஐன்ஹார்ட் எழுதுகிறார். ஆற்றுப் போக்குவரத்து பிடித்திருக்கலாம்.

அந்த ஊர்தான் ஜெலிகன்ஸ்டாட். மிகெல்ஸ்டாட்டிலிருந்து ஹனாவ் போகும் ரயில் அங்கே நிற்கும். 830 வாக்கில் தொடங்கிய கோயில் இன்னும் வழிபாட்டில் இருக்கிறது; அதனாலேயே மாற்றமும் அதிகம். கோபுரங்கள் எல்லாம் பிந்தியவை. உள்ளே நடுக்கூடமும் அதன் சதுரத் தூண்களும் மட்டும் பார்த்தால் போதும். ஸ்டைன்பாக்கின் அதே முறை, அளவு பெரியது. கோயிலை ஒட்டிய இடத்தில் முன்பு ரோமக் காவற்கோட்டை இருந்தது. மைன் ஆறு அன்று எல்லை. பின்பக்கம் இறங்கினால் படகுத் துறை. அக்கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் கோயில் முழுதாகத் தெரியும். நீங்கள் நிற்பது ரோம எல்லைக்கு வெளியே.